கண்ணாடித் தூளுக்குள் ஒரு லேசர்

இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது இது: “அண்ணா, அருமண் கலந்த கண்ணாடியில் ராண்டம் லேசர் செய்கிறார்கள் என்று படித்தேன். லேசருக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி கட்டாயம் வேண்டும் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். இதில் கண்ணாடி கிடையாதாம், ஆனால் கண்ணாடியில்தான் செய்கிறார்களாம். ராண்டம் என்றால் நிறம் மாறி மாறி வருமா? நான் செய்து பார்க்க முடியுமா?”

தம்பி, முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, சன்னலில் பதித்திருப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. உங்கள் குழப்பத்தில் பாதி இதனால் வந்ததுதான். தமிழ்வழி இயற்பியல் நூல்களில் முகம் காட்டுவதை ஆடி என்பார்கள். குழியாடி, குவியாடி என்று கேட்டிருப்பீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஆடி என்றால் ஒளியைத் திருப்பி அனுப்புவது. கண்ணாடி என்றால் உருக்கி வார்த்த அந்தப் பொருள். ராண்டம் லேசரில் ஆடி இல்லை, கண்ணாடி உண்டு. தாறுமாறாக இருப்பது ஒளி நடக்கும் பாதை மட்டும்தான். நிறத்தை அருமண் அயனி, அதாவது கண்ணாடியில் கலந்த நியோடிமியம், எர்பியம் போன்ற தனிமத்தின் அயனி முடிவு செய்கிறது, அதில் தாறுமாறு எதுவும் கிடையாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

வழக்கமான லேசரில் என்ன நடக்கிறது? ஒரு பொருளுக்கு வெளியிலிருந்து ஆற்றல் ஊட்டுகிறோம். அதிலுள்ள அயனிகள் மேல்நிலைக்குப் போய்க் காத்திருக்கின்றன. சரியான அலைநீளமுள்ள ஒரு ஒளித்துகள் பக்கத்தில் வந்தால், அந்த அயனி தன் ஆற்றலை அதே மாதிரியான இன்னொரு ஒளித்துகளாகக் கொடுத்துவிடுகிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. இதுதான் தூண்டப்பட்ட உமிழ்வு. ஆனால் ஒரு முறை கடந்து போவதில் கிடைக்கும் பெருக்கம் கொஞ்சம்தான். அதனால் இரு முனையிலும் ஆடி வைத்து, ஒளியை முன்னும் பின்னுமாக ஓடவிடுகிறோம். 1960இல் மைமன் மாணிக்கக் கல்லில் செய்த முதல் லேசரும் இந்த அமைப்புதான். அடுத்த ஆண்டே ஸ்னிட்சர் நியோடிமியம் கலந்த கண்ணாடியில் செய்துகாட்டினார். ஆக, அருமண் கண்ணாடியும் லேசரும் ஏறக்குறைய கூடவே பிறந்தவை.

ஆடி செய்யும் வேலை என்ன என்று கேட்டால், ஒளியை உள்ளேயே இருக்க வைப்பது. பெருக்கும் பொருளுக்குள் ஒளி நீண்ட தூரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்கு ஆடிதான் வேண்டுமா?

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை சிராங்கூன் சாலையில் நடந்து பாருங்கள். தேக்காவிலிருந்து பெருமாள் கோயில் வரை சாதாரண நாளில் பத்து, பதினைந்து நிமிடம். அன்றைக்கு இரண்டடி வைத்தால் யாரோ இடிக்கிறார்கள், விலகுகிறீர்கள், ஒரு கடைக்குள் தள்ளப்படுகிறீர்கள், வெளியே வந்தால் வந்த பக்கமே திரும்பி நிற்கிறீர்கள். சாலை நீளவில்லை. நீங்கள் நடந்த தூரம் நீண்டுவிட்டது. இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நண்பர் காத்திருந்து உங்களோடு சேர்ந்துகொள்கிறார் என்று வையுங்கள். கூட்டம் எவ்வளவு நெருக்கமோ, வெளியேறும்போது உங்கள் குழு அவ்வளவு பெரிது. நெரிசல்தான் சிதறல். சேர்ந்துகொள்ளும் நண்பர்கள்தான் ஒளிப்பெருக்கம்.

கணக்காகவும் பார்த்துவிடலாம். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தூள் படலம். ஒளி சராசரியாக 10 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை திசை மாறுகிறது என்று கொள்வோம். நேராகப் போனால் 100 அடிதான். தடுமாறி நடந்தால் 100 பெருக்கல் 100, அதாவது பத்தாயிரம் அடி வைத்தால்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். பத்தாயிரத்தை 10 மைக்ரோமீட்டரால் பெருக்கினால் 10 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் பத்து சென்டிமீட்டர் நடை, அதுவும் ஆடி எதுவும் வைக்காமல்.

இதை முதலில் தெளிவாகக் கணக்குப் போட்டவர் சோவியத் இயற்பியலாளர் விளாதிலென் லெத்தோகோவ், 1967இல். அவர் அதை அணு உலையோடு ஒப்பிட்டார். யுரேனியத்தில் நியூட்ரான் பெருகுவது பொருளின் கனஅளவு முழுக்க நடக்கிறது, தப்பிப் போவது மேற்பரப்பு வழியாக மட்டும். அளவு கூடக்கூடக் கனஅளவு மேற்பரப்பை முந்திவிடும். ஒரு கட்டத்தில் வெளியேறுவதைவிட உருவாவது அதிகமாகிவிடும். சிதறலும் பெருக்கமும் உள்ள பொருளில் ஒளிக்கும் இதே கதைதான். அந்த முக்கிய அளவைத் தாண்டியதும் லேசர் பிறக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வாதம் இது. இரண்டு ஆடிகளின் நடுவே ஒளி நிற்பதை நினைத்துப் பழகிய மனத்துக்கு, கனஅளவையும் மேற்பரப்பையும் ஒப்பிட்டாலே போதும் என்பது பெரிய விடுதலை.

கணிப்பு இருபது வருடம் கிட்டத்தட்டக் காகிதத்திலேயே இருந்தது. 1986இல் மர்குஷேவும் உடன் பணியாற்றியவர்களும் நியோடிமியம் சேர்த்த சோடியம் லாந்தனம் மாலிப்டேட் தூளை, திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் குளிரவைத்துத் தூண்டினார்கள். ஊட்டும் ஆற்றல் ஒரு வரம்பைத் தாண்டியதும் உமிழ்வு சட்டென்று கூர்மையானது, நேரத்திலும் சுருங்கியது. 1993இல் பிரான்சில் ஒரு குழு நியோடிமியம் தூள்களில் மிகக் குறுகிய துடிப்புகளைக் கண்டது. கவனியுங்கள், இரண்டு இடத்திலும் அருமண்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் அவை படிகத் தூள்கள், கண்ணாடித் தூள் அல்ல. 1994இல் லவாண்டி, சாயக் கரைசலில் வெள்ளைப் பெயின்டில் போடும் டைட்டேனியம் டைஆக்சைடு துகள்களைக் கலந்து செய்து காட்டிய பிறகுதான் இந்தத் துறை பரவலாகக் கவனம் பெற்றது. 1990களின் கடைசியில் ஹூய் சாவ் துத்தநாக ஆக்சைடு தூளில் செய்தார். நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 2000களில் துத்தநாக ஆக்சைடு ராண்டம் லேசர் ஆய்வுகள் நடந்தன. ஆக நீங்கள் தேடும் தலைப்பு இந்த ஊருக்குப் புதிது இல்லை.

சரி, சாயமும் துத்தநாக ஆக்சைடும் இருக்கும்போது எதற்கு அருமண்?

நியோடிமியம், எர்பியம், இட்டர்பியம் போன்றவற்றில் வேலை செய்யும் எலக்ட்ரான்கள் 4எஃப் கூட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு வெளியே 5எஸ், 5பி கூடுகள் நிரம்பி, ஒரு திரைபோல மறைத்து நிற்கின்றன. சுற்றுப்புறத்து அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும் உள்ளே இருப்பவற்றுக்கு அது அதிகம் எட்டுவதில்லை. அதனால்தான் படிகம் என்றாலும் கண்ணாடி என்றாலும் தூள் என்றாலும் நியோடிமியம் 1.06 மைக்ரோமீட்டர் பக்கத்திலேயே ஒளிர்கிறது. யாக் என்ற லேசர்ப் படிகத்தில் 1064 நானோமீட்டர், பாஸ்பேட் கண்ணாடியில் 1054 பக்கம். நிறம் மாறி மாறி வருமா என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்தத் திரையில்தான் இருக்கிறது. கண்ணாடியில் ஒவ்வொரு அயனிக்கும் அக்கம்பக்கம் கொஞ்சம் வேறுபடுவதால் நிறமாலைக் கோடு இருபது, முப்பது நானோமீட்டருக்கு அகலப்படும். அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். சாயத்தின் மூலக்கூறு வாங்கிய ஆற்றலைச் சில நானோநொடிகளில் விட்டுவிடும். அந்த நேரத்தில் ஒளி ஓரிரு மீட்டர்தான் ஓடும். நல்ல பாஸ்பேட் கண்ணாடியில் நியோடிமியம் சுமார் 300 மைக்ரோநொடி ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடைவெளியில் ஒளி வெற்றிடத்தில் 90 கிலோமீட்டர் போய்விடும். எர்பியமோ 10 மில்லிநொடி அளவுக்குக் காத்திருக்கும். இந்தப் பொறுமைக்கு விலையும் உண்டு. ஒளித்துகளைப் பெருக்கும் வலு சாயத்தில் இருப்பதைவிடச் சில ஆயிரம் மடங்கு குறைவு. சேமிப்பு அதிகம், கொடுப்பது மெதுவாக. அதனால் அருமண் தூளில் அயனியை நெருக்கமாகப் போட வேண்டும், ஒளியையும் நெடுந்தூரம் நடக்க வைக்க வேண்டும்.

நெருக்கமாகப் போட்டால் இன்னொரு தொல்லை. பக்கத்துப் பக்கத்து அயனிகள் ஆற்றலை ஒன்றுக்கொன்று கைமாற்றி, ஒளியாக்காமலே வெப்பமாக வீணடித்துவிடும். செறிவு கூடினால் ஒளிர்வு தணிந்துபோகும் என்று இதைச் சொல்வார்கள். சாதாரண லேசர் செய்பவர்கள் இதற்குப் பயந்துதான் யாக் படிகத்தில் நியோடிமியத்தைச் சுமார் ஒரு சதவீதத்தோடு நிறுத்துகிறார்கள். பிரேசிலில் ஒரு குழு துத்தநாக டெல்லுரைட் கண்ணாடியில் (டெல்லூரியம் ஆக்சைடு கொண்டு வார்ப்பது) இதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போட்டு, ஒளிர்வு தணிந்திருக்கும் அந்தத் தூளிலேயே ராண்டம் லேசர் எடுத்துக் காட்டியது. காரணம், வரம்பைத் தாண்டியதும் தூண்டப்பட்ட உமிழ்வு நானோநொடி வேகத்தில் நடந்துவிடுகிறது. கைமாற்றி வீணடிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. மற்ற லேசருக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய கண்ணாடிக்கும் இங்கே வேலை இருக்கிறது என்று படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கண்ணாடியின் வெண்மையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் கற்கண்டு இருந்தால் எடுங்கள். கட்டியாக இருக்கும்போது ஊடுருவிப் பார்க்கலாம். பொடித்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சேர்ந்தது எதுவும் இல்லை, காற்று மட்டும்தான். ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் ஒளி விலகித் தெறிக்கிறது. அந்தப் பொடியில் சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டால் வெண்மை மங்கி, எண்ணெய் பட்ட காகிதம்போல ஒளி ஊடுருவும். எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் சர்க்கரையின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் காரணம். அருமண் கண்ணாடித் தூளிலும் இதேதான். சிலிகா கண்ணாடியின் எண் 1.46, டெல்லுரைட்டின் எண் 2 பக்கம். காற்றோடு உள்ள வித்தியாசம் கூடினால் சிதறலும் கூடும், ஒளி உள்ளேயே அலையும். டெல்லுரைட்டில் அணுக்களின் அதிர்வு ஆற்றலும் சிலிகாவைவிடக் குறைவு. அதனால் அயனியின் ஆற்றல் வெப்பமாக ஒழுகிப் போவதும் குறையும். எனக்குத் தெரிவு கொடுத்தால் டெல்லுரைட்டைத்தான் எடுப்பேன்.

பெரிய லேசர் ஆலைகளில் இதே நியோடிமியம் பாஸ்பேட் கண்ணாடியைப் பளிங்குபோல மெருகேற்றி, ஒரு குமிழிகூட இல்லாமல் வார்க்கிறார்கள். அமெரிக்காவில் 192 கற்றைகளை ஒரே புள்ளியில் குவித்து, 2022 டிசம்பரில் அணு இணைவில் செலுத்திய லேசர் ஆற்றலைவிட அதிகம் எடுத்தார்களே, அந்தக் கற்றைகளைப் பெருக்கியது இந்தக் கண்ணாடிப் பலகைகள்தான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் கவலை. இங்கே கல்வத்தில் போட்டு அரைக்கிறோம்.

நான் ஒளியிழைத் துறையில் வேலை செய்தவன். எங்களுக்குச் சிதறல் என்றால் எதிரி. நல்ல இழையில் ஒரு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு. அதில் பெரும்பகுதி கண்ணாடியின் உள்ளேயே உறைந்துபோன அடர்த்தி ஏற்ற இறக்கங்களால் வரும் ராலே சிதறல். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலடிக் கம்பி வருகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய வழியெல்லாம் எர்பியம் கலந்த இழையை வைத்துப் பெருக்குகிறோம். ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது, நடுவில் அருமண் அயனிகள்தான் அந்த ஒளியைத் தூக்கிவிடுகின்றன. 2010இல் துரீத்சினும் உடன் இருந்தவர்களும் 83 கிலோமீட்டர் சாதாரண இழையை எடுத்து, ஆடியே வைக்காமல், அந்த எதிரியான ராலே சிதறலையே திருப்பி அனுப்பும் கருவியாக்கி லேசர் எடுத்தார்கள். சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், யோசித்துப் பாருங்கள். சிதறும் ஒளியில் இழைக்குள்ளேயே பின்னோக்கித் திரும்புவது ஆயிரத்தில் ஓரிரு பங்கு. நீளம் போதுமான அளவு இருந்ததால் அதுவே போதுமாக இருந்தது. அதில் பெருக்கம் ராமன் விளைவால் வந்தது, அருமண்ணால் அல்ல. எர்பியம் இழையில் ராண்டம் லேசர் அதற்கு ஓராண்டு முன்பே, 2009இல் கனடாவில் செய்யப்பட்டது. இழைக்குள் தாறுமாறாக ஒளியைத் திருப்பும் கீற்றணியைப் பதித்துச் செய்தார்கள். 2016இல் அதே வகை எர்பியம் இழை லேசரில், அளவீட்டுக்கு அளவீடு நிறமாலை எப்படி மாறுகிறது என்று பார்த்து, சுழல் கண்ணாடி என்ற காந்தப் பொருள்களுக்காக இத்தாலிய இயற்பியலாளர் பரீசி உருவாக்கிய கோட்பாட்டைச் சோதித்தார்கள். அவர் 2021இல் நோபல் பெற்றவர். இங்கேயும் ஒரு கண்ணாடி வந்துவிட்டது.

எதற்குப் பயன் என்று உங்கள் ஆசிரியர் நிச்சயம் கேட்பார். கூரான கற்றை வேண்டும் என்றால் இதை எடுக்காதீர்கள். எல்லாப் பக்கமும் பரவும் ஒளி இது. ஆனால் சாதாரண லேசரைச் சுவரில் அடித்தால் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் மினுமினுக்குமே, அதைக் கொண்டு படம் எடுத்தால் படம் கெட்டுப்போகும். ராண்டம் லேசரில் அலைகள் இடத்துக்கு இடம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் அந்த மினுமினுப்பு இல்லை. 2012இல் ஹூய் சாவ் குழு இதைப் படம் பிடித்தே காட்டியது. லேசர் அளவு பிரகாசம், மின்விளக்கு அளவு மென்மை. எனக்கு உருப்படியாகத் தோன்றும் பயன் இதுதான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. செய்ய முடியும், ஆனால் சரியான கருவி இருந்தால். 808 நானோமீட்டர் பக்கத்தில் நானோநொடித் துடிப்புத் தரும் லேசர் உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தொடர்ந்து எரியும் சிறிய டையோடு போதாது. தூள் சூடாகுமே தவிர வரம்பைத் தொடாது. அந்தக் கருவி இல்லையென்றால், தலைப்பை ஒளிர்வு ஆயுளும் (அயனி ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும் நேரம்) சிதறலும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதுவே நல்ல திட்டப்பணி.

கருவி கிடைத்தால் மூன்றைச் சேர்த்து அளக்க வேண்டும். உள்ளே போகும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும்போது வெளிவரும் ஒளியின் சரிவு எங்கே திரும்புகிறது, கோட்டின் அகலம் எங்கே சுருங்குகிறது, துடிப்பு நூற்றுக்கணக்கான மைக்ரோநொடியிலிருந்து நானோநொடிக்கு எங்கே விழுகிறது. மூன்றும் ஒரே இடத்தில் நடந்தால் நம்பலாம். கோடு சுருங்கியதை மட்டும் வைத்து லேசர் என்று அறிவிக்காதீர்கள். ஒருமுறை ஓடிக் கடக்கும் தன்னியல்பு ஒளி பெருகினாலும் கோடு கொஞ்சம் சுருங்கும். அச்சில் வந்த சில கட்டுரைகளில்கூட இந்த அவசரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்குப் பாதுகாப்பு விஷயத்தில் சலுகையே வேண்டாம். 808உம் 1064உம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போய்ச் சுடும். அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். அரைக்கும்போது முகமூடியும் வேண்டும்; கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் இந்த ஊருக்கே உரிய ஒரு தொல்லை. முன்பு ஓர் ஆய்வுக்கூடத்தில் எர்பியம் பாஸ்பேட் கண்ணாடியை அரைத்து, தட்டில் வைத்து மூடாமல் போய்விட்டோம். வார இறுதியில் அங்கே குளிரூட்டியை நிறுத்திவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திங்கள் வந்து பார்த்தால் தூள் கட்டிபட்டிருந்தது, ஒளிர்வு ஆயுள் பாதிக்கும் கீழே. சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 சதவீதத்துக்கு மேல். பாஸ்பேட் தூள் அதை உறிஞ்சிக்கொள்ளும். நீரிலிருந்து வரும் ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்பு அதிரும் ஆற்றல், எர்பியத்தின் மேல்நிலை ஆற்றலில் ஏறத்தாழப் பாதி. இரண்டு அதிர்வாக எடுத்துக்கொண்டு அயனியைக் காலி செய்துவிடும், ஒளி வராது. ஆறு வாரத் தூளும் போயிற்று. நியோடிமியத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

அதனால் அரைத்த உடனே தூளைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய குடுவையில் வையுங்கள். லேசர் பக்கம் போவதற்கு முன் ஒளிர்வு ஆயுளை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள், வாரம் ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். குறைந்த செறிவுள்ள நியோடிமியம் பாஸ்பேட் தூளில் அது 300 மைக்ரோநொடிக்குக் கிட்டே இருந்தால் தூள் நன்றாக இருக்கிறது. வாரத்துக்கு வாரம் இறங்கினால் ஈரம் ஏறியிருக்கிறது. அந்தத் தூளை வைத்து வரம்பைத் தேடாதீர்கள், புதிதாக அரையுங்கள். முதல் அளவீடு கிடைத்ததும் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.